பழுதான மின்சாதனத்தைக் கடை திரும்ப வாங்க மறுத்தால்: சட்டம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

மின்சாதனக் கடையில் தரும் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் அநேகமாக இருக்கும். ஒன்று, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." இன்னொன்று, "வாரண்டி தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு." வாங்கிய பத்தாம் நாள் ஃபிரிட்ஜ் குளிராமல் போனால் கடைக்காரர் இந்த வரிகளைத்தான் சுட்டிக்காட்டுவார். "நாங்க விக்கிறதோட சரி, கம்பெனி நம்பருக்குப் பேசுங்க" என்பார். அதுதான் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துப் பலரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அது சட்டம் இல்லை. இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே பட்டியலிட்டிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வாசகம் கிடையாது. புதிதாக வந்தது என்பதாலோ என்னவோ, வாங்குபவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. விற்பவர்களில் பலர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இல்லை.

அடிப்படை: யார் நுகர்வோர், எது குறை, எது வாரண்டி

1. நுகர்வோர். பணம் கொடுத்தோ, தவணையிலோ, பின்னால் தருவதாகச் சொல்லியோ பொருள் வாங்குபவர் நுகர்வோர். அவருடைய சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். அப்பா வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினுக்கு மகள் புகார் கொடுக்கலாம். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் இதில் முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: சுயதொழில் செய்து தன் பிழைப்பை ஓட்டுவதற்காக மட்டுமே ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. வீட்டில் வெட் கிரைண்டர் போட்டு மாவரைத்துத் தெருவில் இட்லி மாவு விற்கும் பெண்ணைப் பார்த்து, "நீங்க பிசினஸுக்கு வாங்கினது, வாரண்டியும் கிடையாது, கன்ஸ்யூமர் கேஸும் போட முடியாது" என்று கடையில் சொன்னால், அதில் இரண்டாவது பாதி தவறு. அவர் வழக்குப் போடலாம். முதல் பாதிக்கு மட்டும் வாரண்டி அட்டையைப் படிக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று அதில் போட்டிருந்தால் அந்தச் சிக்கலைத் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

2. குறை. ஒரு சட்டத்தின்படியோ ஒப்பந்தத்தின்படியோ ஒரு பொருளில் இருக்க வேண்டிய தரம், அளவு, திறன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போனால் அது குறை. விற்பவர் அந்தப் பொருளைப் பற்றி "எந்த வகையிலாவது" சொல்லிக்கொண்ட தகுதி இல்லாமல் போனாலும் குறைதான். இந்தக் கடைசிப் பகுதி பலமான ஆயுதம். ஏசி பெட்டியில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று போட்டு, எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்றும் அச்சடித்திருந்தால், அந்த எல்லைக்குள் அது ஓடியாக வேண்டும். விளம்பரம்தானே என்று பிறகு தள்ளிவிட முடியாது.

3. வாரண்டி. பொருள் கெட்டால் சரிசெய்து தருகிறேன், அல்லது பாகத்தை மாற்றித் தருகிறேன் என்று தயாரிப்பாளர் தரும் ஒப்பந்த வாக்கு. இது சட்டம் தரும் உரிமைக்கு மேலே கூடுதலாக வருவது. சட்ட உரிமையை அழித்துவிட்டு அதன் இடத்தில் வந்து உட்காருவது அல்ல. குழப்பம் எல்லாம் தொடங்குவது இந்த இடத்தில்தான்: வாரண்டி அட்டை கையில் இருக்கிறது என்பதற்காகக் கடையின் பொறுப்பு போய்விடாது.

குறை வேறு, மனமாற்றம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவி நன்றாக ஓடுகிறது, ஆனால் ஹாலுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்றால் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அது கடையின் விருப்பம், அல்லது இணைய விற்பனைத் தளத்தின் ரிட்டர்ன் கொள்கை. இனி இந்தக் கட்டுரையில் பேசப்போவது முழுக்கக் குறையுள்ள பொருளைப் பற்றித்தான்.

30 நாள் என்ற வரி

சட்டத்தின் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. பில் தராமல் விற்பது அதில் ஒன்று. அதற்கு அடுத்ததாக வருவது இது: குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பது. எத்தனை நாளுக்குள்? பில்லில் ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள். பில்லில் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சட்டம் சொல்வது பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றி. "பணமா தர முடியாது, அதே விலைக்கு வேற ஏதாவது எடுத்துக்கோங்க" என்று கடை சொல்லலாம். அது உங்களுக்குச் சரி என்று பட்டால் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, பில்லில் "7 நாள்" என்று போட்டிருந்தால் இந்தப் பிரிவின் கீழ் அந்த 7 நாள்தான் கணக்கு. வாங்குபவருக்கு இது பாதகம்தான். சட்டம் எழுதியவர்கள் ஒரு குறைந்தபட்சக் காலத்தை வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சரி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று மட்டும் போட்டிருந்தால்? அந்த வரியில் எந்தக் காலமும் இல்லை. காலம் குறிப்பிடாத பில் என்றே அதைக் கொள்ள வேண்டும், அப்படியென்றால் 30 நாள் பொருந்தும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. தவிரவும், பணம் கட்டி முடித்த பிறகு கைக்கு வரும் காகிதத்தின் அடியில் ஒரு வரி இருப்பதால் மட்டும் வாங்கியவர் அதற்குச் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது.

மூன்றாவது, 30 நாள் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. குறையுள்ள பொருள் என்ற அடிப்படையில் புகார் கொடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 30 நாளுக்குள் போனால் கை ஓங்கி இருக்கும், அவ்வளவுதான். அதனால் முதல் மாதத்தில் கோளாறு தெரிந்தால், சர்வீஸ் ஆள் வந்து போகட்டும் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல், "பொருள் குறையுள்ளது, திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவும்" என்று கடைக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். சர்வீஸ் நடந்துகொண்டே இருந்தாலும் பரவாயில்லை, கடிதம் போயிருக்க வேண்டும்.

கடையா, கம்பெனியா?

"கம்பெனிகிட்ட பேசுங்க" என்ற பதிலுக்கு அடிப்படை உண்டா என்று பார்ப்போம். நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. பில் தந்தது கடை. விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் கடைக்கும் இடையில்தான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16இன் கீழ், அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்கும் ஒருவரிடம் பொருளின் பெயர், வகை சொல்லி வாங்கும்போது, அது விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பதை எழுதாத நிபந்தனையாகவே கொள்கிறது. வாங்கும்போது நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு மட்டும் இது பொருந்தாது. உள்ளே இருக்கும் கம்ப்ரஸரின் குறை கடையில் நின்று பார்த்தால் தெரியாது. கதவில் இருக்கும் பெரிய நசுங்கல் தெரியும். டெலிவரியின்போதே பார்த்து வாங்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

ஆக, கடை பொறுப்பிலிருந்து முழுவதுமாக நழுவ முடியாது. அதற்காகக் கடையை மட்டும் பிடித்துக்கொண்டு தயாரிப்பாளரை விட்டுவிடவும் கூடாது. நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பல வழக்குகளில் கடையும் தயாரிப்பாளரும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று உத்தரவு வரும். சில வழக்குகளில் தயாரிப்புக் குறை என்பதால் தயாரிப்பாளர் மட்டும் பொறுப்பு என்று கடையை விடுவித்துவிடுவார்கள். வழக்குப் போடுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: கடை, தயாரிப்பாளர், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஆகிய மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் வராத மற்றவரைக் கைகாட்டுவார்.

கடை நேரடியாகச் செய்யக்கூடிய, செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. பெட்டியைப் பிரித்ததுமே வேலை செய்யாத பொருளுக்கு, பல நிறுவனங்களில் சர்வீஸ் சென்டர் ஒரு சான்று தரும். 'டி.ஓ.ஏ.' என்பார்கள், வந்தபோதே செத்திருந்தது என்று பொருள். அது கிடைத்தால் கடை புதிய பொருளைத் தந்துவிட்டு நிறுவனத்திடம் வரவு வைத்துக்கொள்ளும். இதற்கு நிறுவனம் வைத்திருக்கும் கெடு மிகக் குறைவு, சில இடங்களில் ஒரு வாரம்கூட இருக்காது. அதனால் புதுப் பொருளை வாங்கி ஆடி முடியட்டும், கிரகப்பிரவேசம் வரட்டும் என்று பெட்டியோடு மூலையில் வைக்காதீர்கள். வந்த அன்றே பிரித்து ஓட்டிப் பாருங்கள்.

"வோல்டேஜ் பிரச்சினை" என்ற பதிலும் ஜாப் ஷீட்டும்

வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். டெக்னீஷியன் வருகிறார். பின்பக்கத்தைத் திறக்கிறார், அல்லது திறக்காமலே ஒரு நிமிடம் காதை வைத்துக் கேட்கிறார். "கரண்ட் ஏறி இறங்குது, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனில் ஓ.டி.பி. கேட்கிறார். ஓ.டி.பி. சொன்னதும் நிறுவனத்தின் கணினியில் அந்தப் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்படுகிறது. நான்கு முறை வந்து போனபிறகு நீங்கள் வழக்குப் போட்டால், நிறுவனம் காட்டும் பதிவேட்டில் நான்கு புகாரும் தீர்ந்திருக்கும்.

அதனால் ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால் ஜாப் ஷீட்டை, அதாவது டெக்னீஷியன் வந்து பார்த்ததையும் செய்ததையும் பதியும் தாளைப் பாருங்கள். காகிதமாக இருந்தாலும் குறுஞ்செய்தியில் வரும் இணைப்பாக இருந்தாலும் அதில் மூன்று இடங்கள் முக்கியம். வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் "குளிர்ச்சி இல்லை" என்று நீங்கள் சொன்னது இருக்க வேண்டும், "பொதுப் பரிசோதனை" என்று இருக்கக் கூடாது. டெக்னீஷியன் கண்டது என்ற இடத்தில் அவர் வாயால் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும். வோல்டேஜ்தான் காரணம் என்றால், மீட்டர் வைத்து அளந்த எண் எங்கே என்று கேளுங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அளக்காமல் சொன்ன வோல்டேஜ் காரணம் வெறும் ஊகம். மூன்றாவது, செய்த வேலை: கேஸ் நிரப்பியது, பி.சி.பி. (மின்னணுச் சுற்றுப் பலகை) மாற்றியது என்று பாகத்தின் பெயரோடு இருக்க வேண்டும். பிரச்சினை தீரவில்லை என்றால் உங்கள் கையெழுத்துக்கு மேலே "குறை தீரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத இடம் இல்லாத மின்னணு ஷீட் என்றால், அன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இன்ன புகார் எண், இன்ன தேதியில் ஆள் வந்தார், குறை அப்படியே இருக்கிறது.

சட்டப்படி, பொருளில் குறை இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. ஆய்வு செய்யாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலை வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38இன் கீழ் ஆணையமே பொருளின் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளுக்குள் அறிக்கை கேட்கலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்டச் சொல்வார்கள். ஆனால் ஒரே கோளாறுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஜாப் ஷீட் இருந்தால் அந்தக் காகிதங்களே பேசும். வாரண்டி காலத்திலேயே திரும்பத் திரும்பப் பழுதான ஒரு பொருளில் குறை இல்லை என்று நிறுவுவது எதிர்தரப்புக்குக் கஷ்டம்.

இன்னொன்று. கோபத்தில் வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டு உள்ளே திறந்து பார்த்துவிடாதீர்கள். வாரண்டி போய்விடும் என்பது ஒருபுறம். பொருள் மாற்றியமைக்கப்பட்டது, தவறாகக் கையாளப்பட்டது என்று எதிர்தரப்பு வாதிட நீங்களே வழி செய்து கொடுத்ததாக ஆகிவிடும்.

மாற்றித் தருவதா, சரிசெய்வதா?

வாங்கியவர் எப்போதும் கேட்பது புதுப் பொருள். நிறுவனம் எப்போதும் சொல்வது ரிப்பேர். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே?

2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி ஒப்பந்தம் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்லி உத்தரவிட முடியாது என்றது. மின்சாதன வழக்குகளிலும் நிறுவனங்கள் இந்த வாதத்தை எடுக்கின்றன. எனவே, ஒரே ஒரு முறை கெட்டு, பாகத்தை மாற்றியதும் நன்றாக ஓடினால் முழுப் பணமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்தும் தீராத குறை, அல்லது முதல் சில வாரத்திலேயே முக்கிய பாகம் போனது என்றால் நிலைமை வேறு. அப்போது இது சாதாரணப் பழுது இல்லை, தயாரிப்பிலேயே உள்ள குறை என்று காட்ட முடியும்.

வாரண்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் சண்டைக்கு இடம் தரும் விஷயம். பில் தேதியிலிருந்தா, வீட்டில் பொருத்திய தேதியிலிருந்தா? ஏசியை வாங்கி, ஆள் வந்து மாட்ட மூன்று வாரம் ஆகும் கோடைக்காலத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. 2023இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருத்திய நாளிலிருந்து வாரண்டியைக் கணக்கிடும்படி வீட்டு உபயோகச் சாதன நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அது அறிவுரைதான், சட்டம் இல்லை. உங்கள் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் செல்லும். எப்படியிருந்தாலும் பொருத்திய தேதியை அட்டையில் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோளாறு வந்தால், அந்த வாரத்துக்குள் புகார் எண் வாங்கிவிட வேண்டும். காலத்துக்குள் பதிவான குறை, காலம் முடிந்தபிறகும் அவர்கள் தீர்க்க வேண்டிய குறைதான்.

இணையத்தில் வாங்கியிருந்தால்

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020, கடையில் வாங்குபவருக்கு இருப்பதைவிட ஒருபடி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. சந்தைத்தளம் வழியாக விற்பவர், பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ இருந்தால், அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளுக்கும் இது பொருந்தும், விற்பவரின் கைமீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் பொருந்தாது. தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும்கூடத் தளத்தில் இருக்க வேண்டும். ஆர்டர் செய்த அன்றே அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் அந்த விற்பனையாளர் தளத்திலேயே இல்லாமல் போவதுண்டு.

செயலியில் "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்று காட்டினால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது அந்தத் தளத்தின் கொள்கைக் காலம். அதோடு சட்ட உரிமை முடிவதில்லை. பொத்தான் வேலை செய்யாவிட்டால் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்.

டிவி, கண்ணாடிக் கதவுள்ள சாதனங்கள் வந்தால் பெட்டியின் முத்திரையிலிருந்து தொடங்கி பிரிக்கும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திரை உடைந்திருந்தால் "வாடிக்கையாளர் உடைத்தது" என்ற பதில்தான் முதலில் வரும். அதை மறுக்க அந்த வீடியோதான் பெரிதும் உதவும்.

பொருள் கெடுவது வேறு, பொருள் ஆளைக் காயப்படுத்துவது வேறு

கீசர் வெடித்தோ அயர்ன் பாக்ஸில் ஷாக் அடித்தோ ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் சட்டத்தின் இன்னொரு அத்தியாயம் வருகிறது. பொருளுக்கான பொறுப்பு என்ற பெயரில் பிரிவு 82 முதல் 87 வரை இருப்பது அது. தயாரிப்பாளர் பொறுப்பாவது இயல்பு. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளை விற்றிருந்தாலோ, பொருளை மாற்றியமைத்திருந்தாலோ, பொருத்தும்போதும் பரிசோதிக்கும்போதும் கவனம் தவறியிருந்தாலோ கடையும் பொறுப்பு. பொருள் மட்டும் கெட்டுப்போனதற்கு இந்த அத்தியாயம் பொருந்தாது, அதற்கு மேலே சொன்ன குறை என்ற வழிதான்.

அயர்ன் பாக்ஸ், கீசர், வாட்டர் ஹீட்டர் கம்பி, சுவிட்ச் போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையின் கீழே உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அது உண்மையா என்று தெரியும். முத்திரை இல்லாத பொருளைக் கடையில் விலை குறைத்துத் தந்தால் வாங்காதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

படிப்படியாக எப்படிப் போவது

1. கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார். பில் எண், தேதி, மாடல், சீரியல் எண், குறை என்ன, ஆள் வந்த தேதிகள், உங்களுக்கு என்ன வேண்டும் (பணமா, புதுப் பொருளா), பதிலுக்கு எத்தனை நாள். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். பில் தொலைந்துவிட்டால் யு.பி.ஐ. பதிவு, கார்டு சீட்டு, முத்திரை குத்திய வாரண்டி அட்டை ஆகியவை உதவும்.

2. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் இல்லை, யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். கடைக்குப் பத்து முறை நடந்தும் அசையாத விஷயம் இங்கே பதிவானதும் அசைவதுண்டு, செலவும் இல்லை.

3. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் வழக்கு இங்கேதான். ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை, ஆக சாதாரண வீட்டுச் சாதனம் எதற்கும் கட்டணம் வராது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் இணையம் வழியாகவே மனுவைப் பதிவு செய்யலாம்.

எந்த ஊரில் போடுவது என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாறிய இன்னொரு நல்ல விஷயம். நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பொருளுக்குத் திண்டுக்கல்காரர் திண்டுக்கல்லிலேயே வழக்குத் தொடரலாம். பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ போக வேண்டியிருந்தது. ஒரு மிக்ஸிக்காக யார் பஸ் ஏறி அலைவார்கள்?

2 ஆண்டுக் கெடுவில் ஏமாந்துவிடக் கூடாது. நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. "அடுத்த வாரம் பார்க்கிறோம்" என்ற பதில் எத்தனை வந்தாலும் நாள்காட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம்.

தவணையில் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் ஓடவில்லை என்பதற்காக மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் நிதி நிறுவனத்தோடு தனியாக இருக்கிறது. நிறுத்தினால் அபராத வட்டியும் கடன் மதிப்பெண் சரிவும் உங்கள் தலையில்தான் விழும். வட்டியாகப் போனதையும் சேர்த்து ஆணையத்தில் இழப்பீடாகக் கேளுங்கள்.

ஆணையத்தில் என்ன நடக்கும், என்ன கிடைக்கும்

மனுவை ஏற்பதா என்று சாதாரணமாக 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் நீட்டிக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நீள்கிறது. வாங்கிய சாதனத்தின் ஆயுளே பத்து வருஷம் என்னும்போது, நீதிக்கு ஒன்றிரண்டு வருஷம் காத்திருக்க வைப்பது நியாயமே இல்லை. ஆணையங்களில் உறுப்பினர் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவது அரசின் கடமை.

பிரிவு 39இன் கீழ் ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், குறையில்லாத புதுப் பொருளைத் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்கலாம். ரூ.28,000 ஃபிரிட்ஜுக்கு மன உளைச்சல் என்று ரூ.10 லட்சம் கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பது மனுவின் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும். கெட்டுப்போன பொருட்கள், வெளியில் சாப்பிட்ட செலவு, அலைச்சல் என்று கணக்குக் காட்டக்கூடிய தொகையாக இருந்தால் ஆணையம் கவனித்துப் பார்க்கும்.

உத்தரவு வந்தபிறகு எதிர்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் டெபாசிட் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டின் மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது, மதுரையில் அதன் அமர்வு உண்டு. மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், உத்தரவை நிறைவேற்றக் கோரி அதே மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்ற முடியும். கூடவே பிரிவு 72இன் கீழும் மனுப் போடலாம்: உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இழுத்தடித்த பல நிறுவனங்கள் காசோலையை எழுதுவது இந்த மனுவுக்கான நோட்டீஸ் கைக்குப் போன பிறகுதான்.